இரண்டு நாள் முன்னால் பாஸ்டனில் இறங்கிய விமானம்: நெருக்கமான செனட் தேர்தலில் அதிபர் பிரசாரம் செய்யலாமா?

2010 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை. காலையில் வாஷிங்டனில் ஒரு தேவாலயத்தில் பேசிய பராக் ஒபாமா, பிற்பகலில் பாஸ்டன் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிரசார மேடை ஏறினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செனட் இடைத்தேர்தலுக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம். ஹெய்ட்டியில் பெரும் பூகம்பம் நிகழ்ந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. வாரத் தொடக்கத்தில் "அதிபருக்கு அங்கே போகும் திட்டம் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த வெள்ளை மாளிகை, வெள்ளிக்கிழமை திடீரென்று மனம் மாறியது. செவ்வாய்க்கிழமை வாக்குப்பதிவு. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மார்த்தா கோக்லி தோற்றார்.

"அதிபர் போயும் பலன் இல்லை" என்று ஒரு தரப்பும், "போனதால்தான் தோற்றார்கள்" என்று இன்னொரு தரப்பும் அடுத்த நாளே எழுதித் தள்ளின. எண்களைப் பார்த்தால் இரண்டுமே ஒட்டவில்லை. ஓர் அதிபர் நெருக்கமான போட்டியில் இறங்கலாமா என்பது அவருடைய செல்வாக்கைப் பற்றிய கேள்வி போலத் தெரியும். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது வேறு: அவருடைய கட்சி இழந்துகொண்டிருக்கும் வாக்குகள் வீட்டில் தூங்குகின்றனவா, எதிர்ப்பக்கம் போய்விட்டனவா? தூங்குகிறவர்களை அதிபரால் எழுப்ப முடியும். தாண்டிப் போனவர்களைத் திருப்பிக் கூட்டிவருவது அவரால் பெரும்பாலும் ஆகாத வேலை.

அந்த இடம் ஏன் அவ்வளவு முக்கியம்

எட்வர்ட் கென்னடி 2009 ஆகஸ்ட் 25 அன்று காலமானார். 1962 முதல் அவர் வசம் இருந்த இடம் அது. அதற்கு முன் அவருடைய அண்ணன் ஜான் கென்னடியின் இடம். மாநிலச் சட்டத்தை அவசரமாகத் திருத்தி, பால் கிர்க் என்பவரைத் தற்காலிகமாக நியமித்தார்கள். செனட்டில் ஜனநாயகக் கட்சி அணியின் பலம் சரியாக 60. விவாதத்தை முடிவின்றி இழுத்தடிக்கும் உத்தியை முறியடிக்க 60 வாக்குகள் வேண்டும். 2009 டிசம்பர் 24 அன்று ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா செனட்டில் 60-39 என்று நிறைவேறியபோது அந்த அறுபதில் கிர்க்கின் வாக்கும் ஒன்று. மசோதா கீழவையோடு சமரசமாகித் திரும்பி வர வேண்டிய நிலையில் இருந்தது. மாசசூசெட்ஸ் போனால் கணக்கு 59.

டிசம்பர் 8 அன்று கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வில் மாநில அட்டர்னி ஜெனரல் கோக்லி வென்றார். 2008-ல் ஒபாமா 61.8 சதவீதம் வாங்கிய மாநிலம் இது. ஆகவே அசல் போட்டி முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் கோக்லியின் பிரசாரம் ஏறக்குறைய நின்றே போனது. எதிரில் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன், அதிகம் அறியப்படாத மாநில மேலவை உறுப்பினர், தன் பழைய ஜிஎம்சி பிக்கப் டிரக்கை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். ஜனவரி 11 தொலைக்காட்சி விவாதத்தில், இது கென்னடிகளின் இடமும் இல்லை, ஜனநாயகக் கட்சியின் இடமும் இல்லை, மக்களின் இடம் என்று அவர் சொன்ன வரி மாநிலம் முழுக்கப் பரவியது. அதே நாளில் இணையம் வழியாக 13 லட்சம் டாலர் திரட்டினார். பனியில் பேஸ்பால் மைதானத்துக்கு வெளியே நின்று கைகுலுக்கச் சொல்கிறீர்களா என்று கோக்லி கேட்டதும், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் நாயகனான கர்ட் ஷில்லிங்கை நியூயார்க் யாங்கீஸ் ரசிகர் என்று வானொலியில் சொன்னதும் அந்த ஊரில் மன்னிக்கிற குற்றங்கள் அல்ல.

கருத்துக்கணிப்புகள் அந்த இரண்டு வாரத்தில் போட்ட ஆட்டத்தைக் கவனிக்க வேண்டும். ஜனவரி 10 அன்று பாஸ்டன் குளோப் நாளிதழ் கோக்லிக்கு 15 புள்ளி முன்னிலை என்று போட்டது. ஏறக்குறைய அதே நேரத்தில் வெளியான இன்னொரு கணிப்பில் பிரவுன் 1 புள்ளி முன்னே. ஜனவரி 14 அன்று சஃபோக் பல்கலைக்கழகம் பிரவுனுக்கு 4 புள்ளி கொடுத்தது. வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: யார் வாக்களிக்க வருவார்கள் என்று ஒவ்வொரு நிறுவனமும் எப்படி ஊகித்தது என்பது. குளிர்கால இடைத்தேர்தலில் அந்த ஊகம் சற்றுப் பிசகினாலும் முடிவு தலைகீழாகும். வெள்ளை மாளிகை சாதகமான கணிப்பை நம்பி ஒரு வாரத்தை இழந்தது என்பது என் கணிப்பு.

தூங்கியவர்கள் எத்தனை, தாண்டியவர்கள் எத்தனை

இங்கேதான் கொஞ்சம் நிதானித்துக் கணக்குப் போட வேண்டும். 2008 நவம்பரில் மாசசூசெட்ஸில் ஒபாமா வாங்கியது சுமார் 19 லட்சத்து 4 ஆயிரம் வாக்குகள். அவரை எதிர்த்த குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் சுமார் 11 லட்சத்து 9 ஆயிரம். பதிவான மொத்தம் ஏறத்தாழ 30 லட்சத்து 80 ஆயிரம். 2010 ஜனவரியில் பதிவானது சுமார் 22 லட்சத்து 50 ஆயிரம், அதாவது முந்தையதில் 73 சதவீதம். இதில் பிரவுன் 11 லட்சத்து 68 ஆயிரம், கோக்லி 10 லட்சத்து 61 ஆயிரம். வித்தியாசம் ஏறக்குறைய 1 லட்சத்து 7 ஆயிரம்.

முதலில் கண்ணில் படுவது இது: அதிபர் தேர்தலின் பெருங்கூட்டத்தில் மெக்கெய்ன் வாங்கியதைவிட, ஜனவரிக் குளிரில் பிரவுன் வாங்கியது அதிகம். இரு கட்சி வாக்காளர்களும் ஒரே விகிதத்தில் வராமல் போனார்கள் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். மெக்கெய்னின் வாக்கு 8 லட்சத்து 10 ஆயிரமாகக் குறைந்திருக்க வேண்டும். பிரவுன் அதற்கு மேல் வாங்கியது மூன்றரை லட்சத்துக்குச் சற்று அதிகம். ஒபாமாவின் வாக்கு 13 லட்சத்து 90 ஆயிரமாகக் குறைந்திருக்க வேண்டும். கோக்லி அதிலும் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் குறைவு. ஆக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒபாமாவுக்குப் போட்டுவிட்டு பிரவுனுக்குப் போட்டிருக்கிறார்கள். இன்னும் ஐந்து லட்சம் ஒபாமா வாக்காளர்கள் வரவே இல்லை. நிஜத்தில் வராமல் போனது ஜனநாயகக் கட்சிப் பக்கம் சற்று அதிகமாக இருக்கலாம். அப்படியானால் தாண்டியவர்களின் எண்ணிக்கை கொஞ்சம் குறையும். படம் மாறாது.

தூங்கிய அந்த ஐந்து லட்சத்தில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானவர்களை எழுப்பியிருந்தால் கோக்லி வென்றிருப்பார். ஆகவே அதிபரை அழைத்தது முட்டாள்தனம் இல்லை. ஆனால் இரண்டு நாளில் ஐந்தில் ஒருவரை எழுப்புவது நடக்கிற காரியமா? தும்பை விட்டு வாலைப் பிடித்தார்கள் என்பதுதான் சரியான விவரிப்பு.

தாண்டியவர்கள் ஏன் தாண்டினார்கள் என்பதற்கும் அதிபருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மாசசூசெட்ஸில் பதிவு செய்த வாக்காளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள். அந்த மாநிலத்தில் மிட் ரோம்னி ஆளுநராக இருந்தபோது, 2006-லேயே, மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. 'எங்களிடம் ஏற்கெனவே இருப்பதை மற்ற மாநிலங்களுக்குக் கொடுக்க நாங்கள் எதற்கு வரி கட்ட வேண்டும்' என்று பிரவுன் கேட்டபோது, ஒபாமா கையில் எளிய பதில் இல்லை. பிரவுன் தன்னை மசோதாவைத் தடுக்கும் 41-வது வாக்கு என்றே விளம்பரம் செய்தார். மசோதாதான் பிரச்சினை என்னும்போது, மசோதாவின் சொந்தக்காரரே மேடைக்கு வந்தால் மதில் மேல் இருக்கும் பூனை எந்தப் பக்கம் குதிக்கும்?

ஒபாமா அந்த மாநிலத்தில் அசைக்க முடியாதவர் என்ற நினைப்பும் மிகை. 2008 உட்கட்சித் தேர்தலில், எட்வர்ட் கென்னடியே ஆதரித்தும், அங்கே ஹிலாரி கிளின்டனிடம் சுமார் 15 புள்ளி வித்தியாசத்தில் தோற்றவர் அவர். ஆலைத் தொழிலாளர் வாழும் நகரங்களில் கிளின்டன் பெயருக்குத்தான் மதிப்பு. பில் கிளின்டனை ஜனவரி 15 அன்று பாஸ்டனுக்கும் வூஸ்டருக்கும் அனுப்பியது, என் பார்வையில், அந்த வாரத்தில் ஜனநாயகக் கட்சி எடுத்த மிகச் சரியான முடிவு.

ஓர் அதிபர் வருகை என்பது எப்படி நடக்கிறது

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு மணி நேரப் பேச்சு. வேட்பாளரின் தேர்தல் அலுவலகத்துக்கு அது பல நாள் வேலை. வழக்கமாக ஒரு வாரம் முன்பே வெள்ளை மாளிகையின் முன்னேற்பாட்டுக் குழுவும் ரகசியப் பாதுகாப்புப் படையும் ஊருக்கு வந்துவிடும். இடம் பார்க்க வேண்டும். அதிபருக்குத் தனி நுழைவாயில், உலோகச் சோதனை வாசல்கள், பத்திரிகையாளர் மேடை, அருகிலுள்ள மருத்துவமனை, மாற்றுப் பாதை என்று ஒவ்வொன்றும் முடிவாக வேண்டும். அதிபரின் கார்கள் ராணுவச் சரக்கு விமானத்தில் தனியாக வந்து இறங்கும். அவர் இருக்கும் நேரத்தில் சுற்றிலும் 30 கடல் மைல் வட்டத்துக்குச் சிறு விமானங்களுக்குக் கட்டுப்பாடு. உள்ளூர்ப் போலீசின் கூடுதல் நேரச் சம்பளம் பெரும்பாலும் நகராட்சியின் தலையில் விழும். பாஸ்டனில் இத்தனையும் வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் நடந்தேறின.

இதில் வேட்பாளருக்கு மெய்யான லாபம் மூன்று இடங்களில் கிடைக்கிறது. உள்ளூர்த் தொலைக்காட்சியின் மாலைச் செய்தி முழுக்க இலவசமாகக் கைக்கு வரும். நுழைவுச் சீட்டு வாங்க வருகிறவர்கள் பெயர், தொலைபேசி, முகவரி கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பட்டியல் அன்றிரவே தொலைபேசி அழைப்புக் குழுவின் கைக்குப் போனால் தொண்டர் படை பெருகும். மூன்றாவது, கட்சிக்காரர்களுக்கு வரும் சுறுசுறுப்பு.

நஷ்டமும் அதே இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. கடைசி வார இறுதியில் கதவைத் தட்டி வாக்காளரை அழைக்க வேண்டிய தொண்டர்கள், சீட்டு விநியோகத்துக்கும் வரிசை ஒழுங்குக்கும் போய்விடுவார்கள். வேட்பாளரின் ஒரு முழு நாள் அதிபருக்காகக் காத்திருப்பதிலேயே கரையும். பத்துப் பேர் கொண்ட ஒரு குழு ஒரு நாளில் தட்டக்கூடிய நூற்றுக்கணக்கான கதவுகளை விட்டுவிட்டு, ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட ஆதரவாளர்களை ஓர் அரங்கில் உட்காரவைப்பது லாபமா என்பதைக் களத்தில் உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களை யாரும் கேட்பதில்லை. கல்லூரி வளாகத்தில் கூட்டம் போட்டால் இன்னொரு தொல்லை: கைதட்டுகிற மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்த மாநிலத்தில் வாக்கு இருக்கிறது?

செலவுக் கணக்கு பலருக்குப் புரியாத பகுதி. அரசு ஊழியர்கள் கட்சி வேலை செய்வதைத் தடுக்கும் 1939-ம் ஆண்டின் ஹாட்ச் சட்டம் அதிபரையும் துணை அதிபரையும் கட்டுப்படுத்தாது. ஆகவே பிரசாரம் செய்வது சட்ட மீறல் அல்ல. ஆனால் செலவில் கட்சி தன் பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். விமானம் பறக்கும் உண்மைச் செலவை யாரும் கட்டுவதில்லை; அரசியல் வேலைக்காக வருகிறவர்களின் தலைக்கு, சாதாரண விமானச் சேவையில் ஆகும் கட்டணத்தை ஒட்டிய தொகையைத்தான் கட்டுகிறார்கள். பாதுகாப்பும் தகவல் தொடர்பும் எப்போதும் அரசின் செலவு. ஒரே பயணத்தில் அரசு நிகழ்ச்சியும் கட்சிக் கூட்டமும் இருந்தால் நேரத்தை வைத்துப் பங்கு பிரிப்பார்கள்: மூன்று மணி நேரம் அரசு வேலை, ஒரு மணி நேரம் கட்சி மேடை என்றால் கட்சியின் பங்கு கால்வாசி. அதனால்தான் பிரசாரம் சூடுபிடிக்கும் மாதங்களில் அதிபர்களுக்குத் திடீரென்று தொழிற்சாலைகளையும் பாலங்களையும் பார்வையிடும் ஆசை வந்துவிடுகிறது. சட்டப்படி சரிதான்; பார்க்க அவ்வளவு அழகாக இல்லை.

எப்போது, எங்கே, என்ன பேசுவது

தேதியைத் தேர்வு செய்வதற்கு முன் பார்க்க வேண்டியது அந்த மாநிலத்தின் முன்கூட்டிய வாக்குப்பதிவு விதி. 2010-ல் மாசசூசெட்ஸில் அந்த வசதி கிடையாது. தகுந்த காரணம் சொல்பவர்களுக்கு மட்டும் தபால் வாக்கு. எனவே ஜனவரி 17 அன்று ஒபாமா பேசியபோது ஏறக்குறைய எல்லா வாக்குகளும் இன்னும் பெட்டிக்கு வெளியே இருந்தன. ஜார்ஜியாவில் 2021 ஜனவரி 5 அன்று இரண்டு செனட் இடங்களுக்கு நடந்த இரண்டாம் சுற்றுத் தேர்தல்கள் இதற்கு நேர் எதிர். அதிபர் டிரம்ப் ஜனவரி 4 இரவு டால்டனில் பேசியபோது, பதிவாகப்போகும் சுமார் 45 லட்சம் வாக்குகளில் ஏறக்குறைய 30 லட்சம் ஏற்கெனவே போட்டாகிவிட்டன. கடைசி நாள் கூட்டம் மிச்சமுள்ள மூன்றில் ஒரு பங்கோடுதான் பேசுகிறது. இப்படிப்பட்ட மாநிலத்தில் அதிபர் வர வேண்டிய நாள், முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முந்தைய வார இறுதி.

ஜார்ஜியா வேறொன்றையும் காட்டியது. தூங்குகிறவர்களை எழுப்பத்தான் அதிபர் வருகிறார் என்றால், அவர் பேசுவது அவர்களை எழுப்ப வேண்டும். டிரம்ப் 2020 டிசம்பர் 5 அன்று வால்டோஸ்டாவிலும் பிறகு டால்டனிலும் தன் சொந்தத் தேர்தல் திருடப்பட்டது என்ற குற்றச்சாட்டுக்கே நிறைய நேரம் ஒதுக்கினார். வாக்கு எண்ணிக்கையே மோசடி என்று நம்பவைத்துவிட்டு வாக்களிக்க வாருங்கள் என்றால் எப்படி வருவார்கள்? டால்டன் இருக்கும் வடமேற்குப் பகுதி குடியரசுக் கட்சியின் கோட்டை. அங்கே நவம்பரைவிட வாக்குப்பதிவு கணிசமாகச் சரிந்தது. அக்கட்சியின் வேட்பாளர்கள் டேவிட் பெர்டூ 49.4 சதவீதத்தோடும் கெல்லி லோஃப்லர் 49 சதவீதத்தோடும் தோற்றார்கள்.

பாஸ்டனில் ஒபாமா கையில் ஒரு நல்ல ஆயுதம் இருந்தது. வங்கிகள் மீது புதிய கட்டணம் விதிக்கும் யோசனையை மூன்று நாள் முன்புதான் அறிவித்திருந்தார். பிரவுன் அதை எதிர்த்தார். வங்கிகள் மேல் மக்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம். அதைப் பேசவும் செய்தார். ஆனால் அதோடு நிற்காமல் பிரவுனின் டிரக்கை மறந்துவிடுங்கள், டிரக்கை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று கிண்டல் செய்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது போல. இந்தப் பொருளாதாரத்தில் எல்லோராலும் டிரக் வாங்க முடியாது என்று பிரவுன் தரப்பு பதிலடி கொடுத்தது. செய்திகளில் வங்கிக் கட்டணம் பின்னால் போய் டிரக் முன்னால் வந்தது. அதிபர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்கு வேட்பாளரின் நூறு விளம்பரங்களைவிட எடை அதிகம். அது தவறான சொல்லாக இருந்தாலும் எடை குறையாது.

இடத்தைப் பொறுத்தவரை பாஸ்டன் நகரம் சரியான தேர்வுதான். கட்சியின் வாக்குகள் குவிந்த இடம், வாக்குப்பதிவு குறையும் என்ற அச்சம் இருந்த இடம். அச்சப்பட்டபடியே நகரின் வாக்குப்பதிவு விகிதம் மாநில சராசரிக்குக் கீழே நின்றது. பிரவுனுக்குச் சாதகமான புறநகர்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள்.

கால் வைக்காமலே உதவும் வழிகள்

மாநிலத்துக்குள் கால் வைப்பது ஒன்றுதான் வழி என்றில்லை. அலபாமாவில் 2017 டிசம்பர் 12 இடைத்தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு டிரம்ப் கூட்டம் போட்டது அலபாமாவில் அல்ல, எல்லைக்கு அப்பாலுள்ள புளோரிடாவின் பென்சகோலாவில். காரணம் சுவாரசியமானது: பென்சகோலாவும் அலபாமாவின் மொபைல் நகரமும் ஒரே தொலைக்காட்சி ஒளிபரப்பு வட்டாரம். பாலியல் குற்றச்சாட்டுகளில் சிக்கியிருந்த குடியரசுக் கட்சி வேட்பாளர் ராய் மூரோடு ஒரே மேடையில் நிற்காமலே, அலபாமா வீடுகளுக்குள் போய்விடலாம். உத்தி கெட்டிக்காரத்தனமானது, ஆனாலும் மூர் சுமார் 22 ஆயிரம் வாக்கில் தோற்றார். வேறு யாராவது பெயரை எழுதிப் போட்டவர்களே அந்த வித்தியாசத்தைவிட அதிகம். குடியரசுக் கட்சிக்காரர்கள் தூங்கவில்லை. வேட்பாளரைப் பிடிக்காமல் விலகிப் போனார்கள். அதற்கு அதிபரிடம் மருந்து இல்லை.

பணம் திரட்டுவது இன்னும் அமைதியான வழி. 2014 ஜூலையில் ஒபாமா கொலராடோவின் டென்வருக்குப் போய் செனட்டர் மார்க் யூடாலுக்காக நிதி விருந்தில் கலந்துகொண்டார். யூடால் வரவில்லை, வாஷிங்டனில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார். பணம் வேண்டும், புகைப்படம் வேண்டாம். இதைப் பார்த்து யாரும் ஏமாறவில்லை, அதிபருக்கு மரியாதைக் குறைவு ஆனதுதான் மிச்சம், யூடாலும் தோற்றார். அதே ஆண்டு கென்டக்கியில் ஜனநாயகக் கட்சியின் செனட் வேட்பாளர் அலிசன் கிரைம்ஸ், தான் ஒபாமாவுக்கு வாக்களித்தேனா இல்லையா என்று சொல்லவே மறுத்து ஊர் சிரிக்க நின்றார். ஒபாமா தன் பங்குக்கு அக்டோபர் 2 அன்று, நான் வாக்குச்சீட்டில் இல்லை, ஆனால் என் கொள்கைகள் இருக்கின்றன என்று பேசினார். எதிர்க்கட்சி அதை அப்படியே வெட்டி விளம்பரமாக ஓட்டியது. ஒளிந்து நின்றால் எதிரி மறந்துவிடுவான் என்று எண்ணியவர்களுக்கு 2014 நல்ல பாடம் அல்ல: அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சி 9 செனட் இடங்களை இழந்தது.

ஆனால் விலகி நிற்பதை ஒழுங்காகச் செய்யவும் முடியும். 2022 டிசம்பரில் ஜார்ஜியா செனட் இரண்டாம் சுற்றுத் தேர்தலுக்கு முன் பைடன் அந்த மாநிலத்துக்குப் போகவில்லை. பாஸ்டனில் தொழிற்சங்கத் தொண்டர்களோடு உட்கார்ந்து தன் கட்சி வேட்பாளர் ரஃபேல் வார்னாக்குக்காகத் தொலைபேசி அழைப்புப் பணியில் கலந்துகொண்டு நிதியும் திரட்டினார். அட்லாண்டா மேடைக்கு முன்னாள் அதிபர் ஒபாமா வந்தார். வார்னாக் 51.4 சதவீதத்தில் வென்றார். யாருடைய முகம் எங்கே தேவை என்பதை அங்கே வேட்பாளரின் குழு தீர்மானித்தது, வெள்ளை மாளிகை ஒத்துப்போனது.

முன்பு என்ன நடந்தது

அதிபர்கள் இதில் சூடுபட்டது புதிதல்ல. 1918 அக்டோபர் 25 அன்று உட்ரோ வில்சன், ஜனநாயகக் கட்சிக் காங்கிரஸைத் தாருங்கள் என்று நாட்டு மக்களிடம் வெளிப்படையாக வேண்டினார். இரு அவைகளும் கைவிட்டுப் போயின; மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஹென்றி கேபட் லாட்ஜ் தலைமையில் செனட், முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1938-ல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இன்னும் ஒரு படி மேலே போய், சொந்தக் கட்சியிலேயே தன்னை எதிர்த்த செனட்டர்களை உட்கட்சித் தேர்தலில் வீழ்த்தப் புறப்பட்டார். ஜார்ஜியாவின் பார்ன்ஸ்வில்லில், செனட்டர் வால்டர் ஜார்ஜ் அதே மேடையில் உட்கார்ந்திருக்க, அவரைத் தோற்கடியுங்கள் என்று பேசினார். ஜார்ஜ் எழுந்து, சவாலை ஏற்கிறேன் என்றார், ஜெயித்தும் காட்டினார். தென் கரோலினாவிலும் மேரிலாந்திலும் அதே கதை. கென்டக்கியில் அவர் ஆதரித்த அல்பன் பார்க்லி வென்றார். ஆனால் அங்கே அரசு வேலைவாய்ப்புத் திட்டப் பணியாளர்களைத் தேர்தல் வேலைக்கு இழுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மேலே சொன்ன ஹாட்ச் சட்டம் பிறந்தது அந்தச் சர்ச்சையில்தான்.

செல்வாக்கு கைமாறாது என்பதற்கு 1986-ஐவிடத் தெளிவான சான்று கிடைக்காது. 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவோடு இருந்த ரீகன் மாநிலம் மாநிலமாகச் சுற்றியும் குடியரசுக் கட்சி 8 இடங்களையும் செனட் பெரும்பான்மையையும் இழந்தது. 2018-ல் டிரம்ப் மொன்டானாவுக்கு நான்கு தடவை போனார். தான் 20 புள்ளி வித்தியாசத்தில் வென்ற மாநிலம். ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜான் டெஸ்டர் சுமார் 18 ஆயிரம் வாக்கில் தப்பித்தார். அங்கே டிரம்ப் ரசிகர்களில் ஒரு பகுதி டெஸ்டருக்கும் பழைய வாடிக்கையாளர்கள்.

எதிர்ச்சான்றும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 2002-ல் ஜார்ஜ் புஷ் கடைசி ஐந்து நாளில் 15 மாநிலங்களைச் சுற்றினார். மிசூரியில் அவருடைய கட்சியின் ஜிம் டேலன்ட் சுமார் 21 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார், மினசோட்டாவும் ஜார்ஜியாவும் கைக்கு வந்தன, செனட் கைமாறியது. செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அடுத்த ஆண்டு, பாதுகாப்புதான் பேச்சு, அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரர் அதிபர். அவர் வந்து நின்றதும் வேட்பாளரின் வாதம் பலப்பட்டது. பாஸ்டனில் அதிபர் வந்து நின்றதும் எதிராளியின் வாதம் பலப்பட்டது.

மானப் பிரச்சினை

வெள்ளை மாளிகைக்குள் இந்த முடிவு எடுக்கப்படும்போது வாக்கு எண்ணிக்கை மட்டும் மேசையில் இருப்பதில்லை. 2009 நவம்பரில் நியூஜெர்சியிலும் வர்ஜீனியாவிலும் ஆளுநர் தேர்தலுக்கு ஒபாமா பிரசாரம் செய்து இரண்டிலும் தோற்றிருந்தார். மூன்றாவது தோல்வி, அதுவும் பதவியேற்று ஓராண்டு நிறைவதற்கு முதல் நாள். போகாமல் இருந்து 20 ஆயிரம் வாக்கில் தோற்றால் கட்சி அவரை மன்னிக்காது. போய்த் தோற்றால் பத்திரிகைகள் மன்னிக்காது. கட்சி மன்னிக்காததுதான் ஆபத்து என்று அவர் கணக்குப் போட்டார். அது சரியான கணக்கு. மசோதாவுக்கு வாக்களிக்க வேண்டியவர்கள் பத்திரிகை ஆசிரியர்கள் அல்ல, கட்சி உறுப்பினர்கள். பிரவுன் பிப்ரவரி 4 அன்று பதவியேற்ற பிறகும், செனட் நிறைவேற்றிய மசோதாவையே கீழவை மார்ச் 21 அன்று 219-212 என்று ஏற்றுக்கொண்டது. தங்களுக்காக மானத்தைப் பணயம் வைக்காத அதிபருக்கு அந்த 219 பேரில் எத்தனை பேர் தங்கள் பதவியைப் பணயம் வைத்திருப்பார்கள்?

ஆகவே போனது சரி. போன நாள் தவறு. ஜனவரி 4-ஐ ஒட்டிய வாரத்தில், போட்டி நெருங்குகிறது என்ற முதல் கணிப்புகள் வந்தபோதே, ஆரவாரமில்லாமல் பாஸ்டனில் தொண்டர் சேர்ப்புக் கூட்டம் ஒன்றும், கிளின்டனுக்கு வூஸ்டரில் இரண்டு நாளும், வங்கிக் கட்டணத்தைப் பற்றி மட்டும் பேச ஓர் உரையும் போதுமானவையாக இருந்திருக்கலாம். அப்போதும் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். தூங்கியவர்களைத் தொடவாவது நேரம் இருந்திருக்கும்.

அந்தத் தூங்கியவர்கள் 2012 நவம்பரில் எழுந்து வந்தார்கள். ஒபாமாவின் பெயரே வாக்குச்சீட்டில் இருந்தது. மாசசூசெட்ஸில் அவருக்குச் சுமார் 19 லட்சத்து 21 ஆயிரம் வாக்குகள். அதே சீட்டில் ஸ்காட் பிரவுனை எலிசபெத் வாரன் 16 லட்சத்து 96 ஆயிரம் வாக்குகளோடு தோற்கடித்தார். இரண்டுக்கும் நடுவில் விழுந்த இரண்டேகால் லட்சம் பேரில் பெரும்பாலானவர்கள் அதிபர் பதவிக்கு ஒபாமாவுக்குப் போட்டுவிட்டு, அதே சீட்டில் செனட் பதவிக்குப் பிரவுனுக்குப் போட்டவர்கள்.